சிமென்ட் பெஞ்சில் கறையா? ஆசிட் பாட்டிலைத் தொடாதீங்க!



பட்டுப் புடவையில் எண்ணெய் பட்டால் என்ன செய்வது, குழந்தையின் யூனிஃபார்மில் இங்க் கொட்டினால் என்ன செய்வது என்று நம் தோழிகள் எத்தனையோ எழுதிவிட்டார்கள். ஆனால் வாசலிலும் தோட்டத்திலும் மொட்டை மாடியிலும் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற சிமென்ட் பெஞ்சு, சிமென்ட் மேஜை, துளசி மாடம், பூத்தொட்டி இவற்றைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. "அது கல்லு மாதிரிதானே, ஆசிட்டை ஊத்தித் தேய்ச்சா போச்சு" என்று விட்டுவிடுகிறோம். அது கல் இல்லை என்பதுதான் விஷயமே.

பல்லாவரம், சிட்லபாக்கம், சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று நம் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு சிமென்ட் பெஞ்சாவது இருக்கும். தனி வீட்டு வேப்ப மரத்தடியில் ஒன்று, ஃப்ளாட் வாசலில் ரெண்டு, பார்க்கில் நாலு. பெரியவர்கள் சாயந்திரம் காற்று வாங்குவதும், ஸ்கூல் வேனுக்குக் குழந்தைகள் காத்திருப்பதும், நாம் கீரை ஆய்ந்துகொண்டே நாலு வார்த்தை பேசுவதும் அதில்தான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால் பச்சையும் கறுப்புமாக உட்காரவே கூசும். எங்கள் வீட்டில் நானும் என் மாமியாரும், கீழ் வீட்டு அக்காவும் செய்து பார்த்ததை எல்லாம் எழுதுகிறேன்.

கல் வேறு, சிமென்ட் வேறு

பழைய வீட்டுத் திண்ணையிலும், அம்மிக்கல், துவைக்கிற கல்லிலும் இருப்பது நிஜக் கல். நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்கு உலகப் பெயரே உண்டு. கல்கத்தா நகரத்தோடு பேர் சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைக் கல்தானாம். அதனால் ஹாலந்து என்ற மண்ணியல் அறிஞர் 1893-ல் இந்தக் கல் வகைக்கு 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். முந்நூறு வருஷம் ஆகியும் அந்தக் கல் நிற்கிறது. அவ்வளவு நெருக்கமான கல்.

சிமென்ட் அப்படி இல்லை. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த பொடி. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் 1904-ல் நம்ம சென்னையிலேயே கடல் சிப்பியை வைத்து சிமென்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். அது நிலைக்கவில்லை. ஆக, சுண்ணாம்புக் கல்லோ சிப்பியோ, அடிப்படை சுண்ணாம்புச் சத்துதான்.

ஒரு சின்னச் சோதனை. கருங்கல்லில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், அப்படியே நிற்கும். பூச்சு இல்லாத சிமென்ட் பெஞ்சில் விடுங்கள், ஒரு நிமிஷத்தில் உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அவ்வளவு இருக்கின்றன. கறை மேலே இருந்தால் துடைக்கலாம், உள்ளே இறங்கினால் வெளியே இழுக்கத்தான் வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆசிட் ஏன் கூடாது?

ஒரு முட்டை ஓட்டை வினிகரில் போட்டுப் பாருங்கள். பொங்கிப் பொங்கிக் கரையும். முட்டை ஓட்டில் இருப்பதும் சுண்ணாம்புச் சத்து. பெஞ்சில் ஆசிட்டை ஊற்றினால் நுரை நுரையாக வருமே, 'ஆஹா, கறை போகுது' என்று நினைக்கிறோம். போவது கறை மட்டும் இல்லை சகோதரிகளே, பெஞ்சும்தான்! மேலே இருக்கிற வழவழப்பான சிமென்ட் பால் அரிக்கப்பட்டு, உள்ளே இருக்கிற மணல் தெரிய ஆரம்பிக்கும். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். அடுத்த மழையில் அந்தச் சொரசொரப்பில் பாசி இரட்டிப்பாகப் பிடிக்கும். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் உள்ளே இருக்கிற கம்பி வரைக்கும் ஈரம் இறங்கி, கம்பி துருப்பிடித்து உப்பி, பெஞ்சு வெடித்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு குடியிருப்பில் மழைக்காலப் பாசிக்காக பெஞ்சு மேலும் தரையிலும் பிளீச்சிங் பவுடர் தூவி வைத்திருந்தார்கள். சுத்தம் செய்ய வந்த பெண்ணுக்கு அது தெரியாது. "நல்லா வெளுக்கட்டும்" என்று கையில் கொடுத்தனுப்பிய ஆசிட்டை அதன் மேலேயே ஊற்றிவிட்டார். மஞ்சள் பச்சையாகப் புகை வந்ததாம். மூச்சு அடைத்து, இருமி இருமி, கண்ணெல்லாம் எரிந்து, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். திறந்தவெளியாக இருந்ததால் பிழைத்தார். அதே வேலையை மூடிய பாத்ரூமுக்குள் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியத்தின் ஈப்ர ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். போர்க்களத்து விஷத்தை நாம் வாசலில் பக்கெட்டில் கலக்கலாமா? டாய்லெட் கழுவும் திரவத்திலும் ஆசிட் இருக்கிறது, அதையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். லட்சுமி என்ற பெண் தன் மேல் ஆசிட் வீசப்பட்ட பிறகு 2006-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2013 ஜூலையில் நீதிமன்றம், ஆசிட்டைக் கடையில் சும்மா எடுத்துக் கொடுக்கக் கூடாது, வாங்குபவரின் முகவரி, அடையாள அட்டை, எதற்கு வாங்குகிறார் என்பதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும், 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டது. நம் வாசலுக்கே சைக்கிளில் பழைய பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தால், மலிவு என்று வாங்காதீர்கள். அந்த பாட்டில் வீட்டில் இருப்பதே ஆபத்து.

கறையை முதலில் அடையாளம் பாருங்கள்

ஜுரம் என்றால் என்ன ஜுரம் என்று பார்த்துத்தானே மருந்து? கறைக்கும் அப்படித்தான்.

1. நகத்தால் சுரண்டினால் பச்சையாக, வழுவழுவென்று வருகிறதா? அது பாசி. கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருப்பதும் பெரும்பாலும் பாசி வகைதான். வெயிலில் காய்ந்து சாகாமல் கிடக்கும்.

2. தண்ணீர் சொட்டு விட்டால் அந்த இடத்தில் மட்டும் உறிஞ்சாமல் உருண்டு நிற்கிறதா? அது எண்ணெய்.

3. வெள்ளையாக, தொட்டால் மாவு மாதிரி ஒட்டுகிறதா? உப்புப் பூத்திருக்கிறது.

4. பழுப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் ஒரு சொட்டு பிளீச்சிங் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள். மங்கினால் இலை, பழம், வெற்றிலை மாதிரிச் செடியில் இருந்து வந்த கறை. கொஞ்சம்கூட மாறாவிட்டால் அது இரும்புத் துரு. துருவுக்கு பிளீச்சிங் போடவே கூடாது, ஒன்றும் பயன் இல்லை.

பாசிக்கு

ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரெண்டு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர். பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். கசடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெஞ்சு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விடும்.

முதலில் வெறும் தண்ணீரால் பெஞ்சை நன்றாக நனையுங்கள். இது என் மாமியார் சொன்ன யோசனை. துளையெல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால், மருந்துத் தண்ணீர் உள்ளே ஓடாமல் மேலேயே நின்று வேலை செய்யும். வெயில் நேரத்தில் செய்யாதீர்கள், சீக்கிரம் காய்ந்துவிடும். காலையில் ஆறு மணிக்கோ, சாயந்திரம் வெயில் இறங்கின பிறகோ சௌகரியம். பதினைந்து இருபது நிமிஷம் ஊறவிட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கையில் ரப்பர் உறை, காலில் செருப்பு கட்டாயம். கழுவின தண்ணீர் துளசிச் செடிக்கோ மீன் தொட்டிக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புப் பிரஷ் வேண்டாம். அதன் கம்பித் துணுக்கு பெஞ்சின் துளையில் சிக்கி, ஒரு வாரத்தில் ஆயிரம் துருப் புள்ளி வரும். தேங்காய் நாரால் தேய்க்கலாம், ஆனால் நன்றாகக் காய்ந்த நாராக இருக்கட்டும். பச்சை மட்டை தானே கறை விடும்.

வயதானவர்கள் இருக்கிற வீட்டில் பெஞ்சு மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது. பெஞ்சுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் ரெண்டு அடிக்குப் பாசி இல்லாமல் தேய்த்துவிடுங்கள். பெரியவர்கள் வழுக்குவது பெஞ்சில் இல்லை, எழுந்து முதல் அடி வைக்கிற இடத்தில்தான். இடுப்பு எலும்பு உடைந்தால் எத்தனை மாசப் படுக்கை என்பது நமக்குத் தெரியாததா?

எண்ணெய்க் கறைக்கு

திருக்கார்த்திகைக்கு பெஞ்சு ஓரம் பூராவும் அகல் விளக்கு வைப்போம். மறுநாள் வட்ட வட்டமாக எண்ணெய். புதுக் கறை என்றால் தண்ணீரே படக் கூடாது. காய்ந்த மண்ணையோ சாம்பலையோ தூவி ராத்திரி பூராவும் விட்டுக் காலையில் பெருக்குங்கள். பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும்.

பழைய கறைக்கு, முல்தானி மட்டியோ சாக்பீஸ் தூளோ ரெண்டு பங்கு, வாஷிங் சோடா ஒரு பங்கு, தண்ணீர் விட்டு இட்லி மாவு பதத்தில் குழைத்து அரை அங்குல கனத்துக்கு அப்புங்கள். மேலே பால் கவரைப் பிரித்துப் போட்டு ஓரத்தில் கல் வையுங்கள். ஒரு நாள் கழித்து கவரை எடுத்துவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். காயக் காய எண்ணெயை உள்ளே இருந்து மண் இழுத்துக்கொள்ளும். சுரண்டி எடுத்துக் கழுவுங்கள். முல்தானி மட்டி நமக்கு முகத்துக்குப் போடத்தான் தெரியும். அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் கம்பளித் துணியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான் இந்த வகை மண்ணை உபயோகித்தார்களாம். ஒரு தடவையில் போகாவிட்டால் ரெண்டாம் தடவை போடுங்கள். கறை எவ்வளவு நாள் உள்ளே இருந்ததோ, வெளியே வரவும் கொஞ்சம் நாள் கேட்கும்.

அடுத்த கார்த்திகைக்கு அகலுக்கு அடியில் ஒரு வாழையிலைத் துண்டு வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

மஞ்சள், ஆரத்தி

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவப்பாகும், ஆரத்தி கரைக்கிற நமக்கு இது தெரியும். புது சிமென்டில் மஞ்சள் தண்ணீர் கொட்டினால் சிவப்பாகத் தெரிவதும் அதே காரணம்தான். சோப்பு போட்டால் இன்னும் சிவக்கும். பயப்பட வேண்டாம். வெறும் தண்ணீரால் கழுவிவிட்டு வெயிலில் விட்டுவிடுங்கள். மஞ்சளுக்கு எதிரி சூரியன். சித்திரை வெயில் என்றால் சில நாளிலேயே மங்கிப்போகும்.

துருவுக்கு

நம் பக்கத்தில் பல தெருக்களில் போர் தண்ணீர் பிடித்து வைத்தால் மறுநாள் பக்கெட்டின் அடியில் செம்மண் மாதிரி தங்கும். அது தண்ணீரில் இருக்கிற இரும்பு. அந்தத் தண்ணீரை ஹோஸ் வைத்து பெஞ்சு மேல் அடித்தால் நாளடைவில் பழுப்புக் கறை வரும். இரும்பு ஸ்டாண்டு, பழைய சைக்கிள், பெயின்ட் டப்பா வைத்தாலும் வளையமாகத் துரு இறங்கும்.

இதற்கு மட்டும்தான் புளிப்பு வேண்டும், அதுவும் அளவாக. எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தோ, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தோ, பஞ்சில் நனைத்துக் கறை மேல் மட்டும் வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வைக்காதீர்கள், இதுவும் மெதுவாக சிமென்டை அரிக்கும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஒரே நாளில் முழுசாகப் போக வேண்டும் என்று அடம் பிடிக்காமல் ரெண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். பிளீச்சிங் போட்ட அன்றைக்கே இதைச் செய்யாதீர்கள்.

வெள்ளை உப்பு

உப்புப் பூத்திருந்தால் எல்லோரும் முதலில் செய்வது தண்ணீர் ஊற்றுவது. அந்த உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய், காய்ந்ததும் மறுபடி பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் வாரிக் கொட்டிவிடுங்கள். பிறகு பிழிந்த ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஆர்.ஓ. மெஷினில் இருந்து வருகிற கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் பெஞ்சு கழுவுகிறோம் என்று சில தோழிகள் சொல்கிறார்கள். மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அதில் உப்பு அதிகம். தரை, கக்கூஸ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், பெஞ்சுக்குக் கடைசிக் கழுவல் நல்ல தண்ணீராக, முடிந்தால் மழைத் தண்ணீராக இருக்கட்டும்.

வெற்றிலைக் கறையா, இலைக் கறையா?

இப்போது சொல்லப்போவது எங்கள் குடியிருப்பில் நடந்தது. வாசலில் பாதாம் மரம். அதன் அடியில் ரெண்டு சிமென்ட் பெஞ்சு. காலையில் ரெண்டு மூன்று வீட்டு வேலை முடித்துவிட்டு, பதினொரு மணி வாக்கில் வேலைக்கு வரும் பெண்கள் நாலு பேர் அங்கே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கத்தில் இருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். அந்த அரை மணி நேரம்தான் அவர்களுக்கு உட்கார்ந்த நேரம்.

மார்கழியில் பெஞ்சு பூராவும் செம்பழுப்பாகக் கறை. "வெத்தலை போட்டுத் துப்பி நாசம் பண்றாங்க" என்று ஒருவர் சொல்ல, மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். வேலைக்கு வருகிறவர்கள் பெஞ்சில் உட்காரக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டுவதாக முடிவு.

எங்கள் வீட்டுக்கு வருகிற அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் கேட்டதற்கு அவங்க கோபப்படவில்லை, சிரித்தார். "நான் வெத்தலை போட்டு வருஷக்கணக்காச்சு பாப்பா. பல்லு போனதுல இருந்து தொடறதில்ல. மத்த மூணும் சின்னப் பொண்ணுங்க, அதுங்க சாக்லேட்டுதான் தின்னும். வேணாம்னா சொல்லிடுங்க, நாங்க படிக்கட்டுல உக்காந்துக்கறோம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு மனசில் தைத்தது.

கீழ் வீட்டு அக்காவும் நானும் கறையைக் கிட்டே போய்ப் பார்த்தோம். துப்பின கறை என்றால் துளித் துளியாக, ஓரத்திலும் தரையிலும் தெறித்திருக்க வேண்டும். இது உள்ளங்கை அகலத்துக்கு, நடுவில் நரம்பு ஓடுகிற மாதிரி, சாட்சாத் இலை வடிவத்தில் இருந்தது. ரெண்டு பெஞ்சையும் மேலே சொன்ன பிளீச்சிங் தண்ணீரால் சுத்தமாகக் கழுவினோம். பிறகு ஒரு பெஞ்சில் விழுகிற இலையைத் தினமும் காலையிலும் சாயந்திரமும் தள்ளிவிட்டோம். இன்னொன்றை அப்படியே விட்டோம். அந்த நாலு பேரும் வழக்கம் போல ரெண்டு பெஞ்சிலும் உட்கார்ந்தார்கள். பனியும் நடுவில் ரெண்டு நாள் தூறலும் வந்தது. பதினைந்து நாளில், இலை தள்ளின பெஞ்சு பளிச்சென்று இருந்தது, தள்ளாத பெஞ்சில் மறுபடியும் அதே செம்பழுப்பு!

பாதாம் இலையில் துவர்ப்புச் சத்து அதிகம். வண்ண மீன் வளர்ப்பவர்கள் காய்ந்த பாதாம் இலையைத் தொட்டியில் போடுவார்கள், தண்ணீர் டீ மாதிரி ஆகிவிடும். ஈர பெஞ்சில் இலை கிடந்தாலும் அதே டீதான் இறங்குகிறது. பெஞ்சுக் காலில் இருந்த கறுப்புக் கறைக்கும் காரணம் கிடைத்தது. கடுக்காயும் பாதாமும் ஒரே இன மரங்கள். அந்தக் காலத்தில் கடுக்காய்த் தண்ணீரில் இரும்புச் சத்துள்ள அன்னபேதியைப் போட்டு எழுதுகிற மை செய்வார்கள். எங்கள் பெஞ்சுக் காலில் பாதாம் இலையின் துவர்ப்பும் போர் தண்ணீரின் இரும்பும் சேர்ந்து தானாகவே மை ஆகியிருக்கிறது! இந்தக் கறுப்புக்கு முதல் நாள் பிளீச்சிங், நன்றாகக் கழுவி, மூன்று நாள் கழித்து மிச்சம் இருக்கிற பழுப்புக்கு எலுமிச்சை. போய்விட்டது.

அடுத்த மீட்டிங்கில் ரெண்டு பெஞ்சையும் வந்து பார்க்கச் சொன்னோம். பார்த்தார்கள். போர்டு வரவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. ஒரு மாமி மட்டும், "இருந்தாலும் அவங்க தனியா உக்காந்தா நல்லது" என்றார். இலையை பிளீச்சிங்கில் எடுத்துவிடலாம், இதை எதில் ஊறவைத்து எடுப்பது என்று கீழ் வீட்டு அக்கா கேட்டார். இப்போது வாட்ச்மேன் தினமும் இலையைத் தள்ளுகிறார். அந்த நாலு பேரும் அங்கேயேதான் சாப்பிடுகிறார்கள்.

வெள்ளத் தண்ணீர் கறைக்கு

2015 டிசம்பர் 1-ந் தேதி காலையில் இருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முங்கினதை யாரும் மறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பல வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. வெள்ளத் தண்ணீர் என்றால் சாக்கடையும் கலந்ததுதான். அந்தச் சேற்றின் மேலேயே பிளீச்சிங் பவுடரைக் கொட்டாதீர்கள், சேறே அதன் சக்தியைத் தின்றுவிடும். முதலில் சேற்றை வாரித் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு பிளீச்சிங் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

மறுபடி கறை வராமல் இருக்க

பெஞ்சு மேல் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். தேங்கினால் எதிர்ப்பக்கக் காலுக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டை வைத்துக் கொஞ்சம் சரிவு கொடுங்கள். பெஞ்சு ஆடாமல் இருக்க வேண்டும், அது முக்கியம். மேலே கவிந்திருக்கிற ஒரு கிளையை வெட்டி வெயில் விழச் செய்தாலே பாசி பாதி குறையும்.

பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வழக்கம் சும்மா வந்ததில்லை, சுண்ணாம்பின் காரத்தில் பாசி பிடிக்காது. ஆனால் உட்காரும் இடத்தில் புடவையில் ஒட்டும். அங்கே சிமென்ட் பெயின்ட் அடிக்கலாம். அடிப்பதற்கு முன் பெஞ்சை நனைத்து, அடித்த மறுநாள் தண்ணீர் தெளித்தால்தான் அது பிடிக்கும். புது பெஞ்சு என்றால் ஒரு மாசம் ஆறின பிறகு அடியுங்கள்.

தீபாவளிக்குப் பாம்பு மாத்திரையை பெஞ்சில் கொளுத்தவிடாதீர்கள், பழைய தட்டு கொடுங்கள். அந்தக் கரியை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அவசரத்துக்கு

ஆசிட்டோ பிளீச்சிங்கோ கையில், கண்ணில் பட்டால் மஞ்சள், மாவு எதையும் தடவாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டிக்கொண்டே இருங்கள், பிறகு டாக்டரிடம் போங்கள். புகை வந்தால் பக்கெட்டை எடுக்க முயற்சி செய்யாமல் ஆளை வெளிக்காற்றுக்குக் கூட்டிவாருங்கள், 108-க்கு போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த வேலையை நாம் செய்யாமல் வேலைக்கு வருகிறவரிடம் கொடுத்தால், கையுறையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, எதோடு எதைக் கலக்கக் கூடாது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். டப்பாவில் எழுதியிருப்பதை எல்லோராலும் படிக்க முடியாது. நம் பெஞ்சு வெளுப்பதற்காக இன்னொருத்தர் நெஞ்சு புண்ணாகக் கூடாது இல்லையா?

நாவல் பழக் கறைக்கும் காக்கை எச்சத்துக்கும் உங்களிடம் நல்ல கைமருந்து இருந்தால், சகோதரிகளே, இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, கிழக்குத் தாம்பரம்.